அறுபத்து மூன்றாவது அடி

ஜனவரி 6, திங்கள்

மருந்து கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்தின் பெயர். முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தது, நிரப்பினேன். தமயந்தி. நாற்பத்தொன்பது. ஓ பாசிட்டிவ். எக்ஸ்ரே டெக்னீஷியன், இருபத்தோரு வருடமாக ஒரே ஸ்கேன் சென்டரில். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் கணவர் பெயரை எழுதினேன். அவர் போனை எடுத்தால்தானே.

சர்க்கரைக்கு டாக்டர் ஓடச் சொன்னார், ஓடியதை எழுதவும் சொன்னார். எங்கள் புதுச்சேரி கடற்கரைச் சாலை தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை 1.2 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத கல் பாவிய பாதை, ஒரு பக்கம் பாறையும் கடலும், மறுபக்கம் கட்டடங்களின் சுவர். காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். இரண்டு முறை போய்த் திரும்பினால் 4.8. அதை ஒருமுறையாவது நிற்காமல், முப்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இந்த வயதில் எனக்கென்று நானே வைத்துக்கொண்ட ஒரே ஆசை இதுதான்.

பாதையில் ஒரு குறையும் இல்லை. அதில் வருகிற மனிதர்கள்தான் குறை.

4.8. 38 நிமிடம். நான்கு முறை நின்றேன். சர்க்கரை 148.

ஜனவரி 9, வியாழன்

இன்று என்னை நிறுத்தியவர்களைப் பற்றி எழுதிவைக்கிறேன். முதலில் நடைப்பயிற்சியாளர் சங்கம். ஐந்து பேர் கைகோர்க்காத குறையாகப் பாதையை அடைத்துக்கொண்டு, மருமகள்களைத் திட்டியபடி நடப்பார்கள். அடுத்து ஒரு ஜோடி, செல்பிக்குக் கையை நீட்டி என் மூக்கில் இடித்தது. ஒரு நாய். நாயாவது விலகியது.

கடைசியில் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இவர் பெயர் சவரிராயன், எழுபத்தெட்டு வயது, முதுகு இன்னும் விறைப்பாக நிற்கும். காந்தி சிலையிலிருந்து வடக்கே இருநூறு அடி பின்பக்கமாக நடப்பார். முழங்காலுக்கு நல்லதாம். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதையின் நட்டநடுவில், ஒவ்வோர் அடியையும் பிரெஞ்சில் வாய்விட்டு எண்ணிக்கொண்டு. அன், தூ, த்ருவா. இருநூறு முடியும்வரை தலையைத் திருப்பமாட்டார். நான் வடக்கே போகும்போது அவர் முகம் தெரியும், திரும்பி வரும்போது முதுகு என்னை நோக்கி வரும்.

"சார், பின்னாடி யாரு வராங்கன்னு பாத்து நடங்க" என்றேன்.

"நீ முன்னாடிதானே பாத்து வர? நீ ஒதுங்கு."

ஒதுங்கினேன். அந்த எரிச்சல் சென்டருக்குப் போய் மூன்று மார்பு எக்ஸ்ரே எடுக்கும்வரை அடங்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் தின்றதில் சர்க்கரை 171. ஓட்டம் 37 நிமிடம், மூன்று முறை நின்றேன்.

"ஓடி ஓடி எங்கதான் போப்போற?" என்று வீட்டில் இவர், என் கணவர், கேட்டார். படுத்துக்கொண்டேதான்.

ஜனவரி 24, வெள்ளி

குடியரசு தின ஒத்திகை. பாதையில் பாதி பந்தல், மீதி போலீஸ். ஓடவில்லை. துணி துவைத்தேன், மாவரைத்தேன், மிக்ஸியின் வாஷரை மாற்றினேன்.

ஜனவரி 30, வியாழன்

எங்கள் சென்டரில் டெக்னீஷியன்களுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போகிறார்கள். இருபத்தோரு வருடம் இருப்பவள் நான். அடுத்து இருப்பது பிரசன்னா, நான்கு வருடம். இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது பாதத்தை எவ்வளவு உள்பக்கம் திருப்ப வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்ததே நான்தான். நல்ல பையன். அக்கா அக்கா என்பான்.

36 நிமிடம் 50 வினாடி. இரண்டு முறை நின்றேன். ஒன்று சொல்தாவுக்காக.

பிப்ரவரி 4, செவ்வாய்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, மறுபடி வேகம் பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு வினாடி போகிறது. மூச்சு தடுமாறுவது வேறு. சொல்தா மட்டும் இல்லாவிட்டால் இன்றே முப்பத்தாறுக்குக் கீழே வந்திருப்பேன்.

அவரைத் தாண்டும்போது வேண்டுமென்றே பாறையோரமாக, கொஞ்சம் சத்தமாகவே மூச்சுவிட்டுக்கொண்டு போனேன். எண்ணுவதை நிறுத்தவில்லை. இருநூறு முடித்துவிட்டுச் சங்கத்து ஆட்களிடம் வந்து நின்றார். அடுத்த சுற்றில் அவர்களைக் கடக்கும்போது என் காதில் விழும்படியாகவே சொன்னார்.

"அந்தம்மா எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது? புருஷன் தொரத்தறானா?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஓடினேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்த நாலு வார்த்தையையும் சொல்லி முடித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பிரசன்னா இன்சார்ஜ். எம்.டி. கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓடியாடி வேல பாக்க சின்னப் பையன் இருந்தா நல்லதும்மா. நீங்க அனுபவசாலி. அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க."

கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு தின்றேன், சர்க்கரையாவது ஒன்றாவது. சாயங்காலம் பிரசன்னா வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இன்சார்ஜுக்கு ஜன்னல் பக்கத்து டேபிள்னு சொல்றாங்க. நான் கேக்கலக்கா."

பதினான்கு வருடமாக என்னுடைய மேசை. டிபன் டப்பாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். என்னை ஒதுங்கச் சொல்வதற்கு யாரும் சத்தம்கூடப் போட வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது. வீட்டில் டி.வி.க்கு ஒதுங்குகிறேன். பஸ்ஸில் மூட்டைக்கு ஒதுங்குகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

4.8 கி.மீ. நிற்காமல். 34 நிமிடம் 40 வினாடி.

முதல் முறை.

பிப்ரவரி 13, வியாழன்

ஓடவில்லை. ஷூவைக் கழுவிக் காயப்போட்டேன்.

இவர் டீக்கடையிலிருந்து செய்தி கொண்டுவந்தார்.

"பீச்சுல நேத்து காலைல ஒரு சொல்தா விழுந்துட்டாராம். இடுப்பெலும்பு போச்சாம். ஆபரேஷனாம். நீ பாக்கல?"

"கூட்டமா இருந்துச்சு, பாத்தேன்" என்றேன்.

அது பொய்யில்லை. இரண்டாவது சுற்றில் கூட்டம் இருந்தது. பார்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

39 நிமிடம். வலது தோள்பட்டை வலிக்கிறது. ஒருக்களித்துப் படுத்ததாக இருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

சங்கத்தின் செயலாளர் தண்டபாணி என்னைக் கைகாட்டி நிறுத்தினார். இதுவரை என்னிடம் பேசியதே கிடையாது.

"பாவம்மா நம்ம சொல்தா. நாங்க எல்லாம் லைட்ஹவுஸ் கிட்ட உக்காந்து மூச்சுப்பயிற்சி பண்ணினு இருந்தோம். பனியில ஒண்ணும் தெரில. போய்ப் பாத்தா கெடக்கறாரு. தானா விழுந்துட்டாரு. இந்த வயசுல பின்னால நடந்தா இன்னா ஆவும்?"

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் மூச்சே ஒழுங்காக வரவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

காந்தி சிலைக்கு எதிரே சங்கத்தார் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். "எங்கள் அண்ணன் சொல்தா சவரிராயன் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்." ஐந்து பேரின் போட்டோ சின்னதாகக் கீழே. மேலே ஆளுயரத்துக்கு அவர், வாலிப வயதில், பட்டாள உடையில், நெஞ்சில் இரண்டு பதக்கம். இரண்டு சுற்றுக்கு நான்கு முறை அந்த முகத்தைத் தாண்ட வேண்டும்.

யார் வைத்தாலும் பத்து நாளில் கிழிந்துவிடும். இந்த ஊர்க் காற்று அப்படி.

மார்ச் 1, சனி

கிழியவில்லை. கீழே ஒரு மூலை மட்டும் அவிழ்ந்தது. தண்டபாணி கம்பி வாங்கிவந்து கட்டிவிட்டார்.

37 நிமிடம். நடுப்பாதை காலியாகத்தான் இருக்கிறது. யாருக்காகவும் நிற்க வேண்டியிருக்கவில்லை. பிறகு எங்கே போகிறது இந்த இரண்டரை நிமிடம்?

மார்ச் 5, புதன்

சொல்தாவின் மகள் வந்திருக்கிறாள். பெயர் கிளாரா, பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் இருக்கிறாள், நாற்பது வயதிருக்கும். இன்று கிறிஸ்தவர்களுக்குச் சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல். தண்டபாணி அவளுக்கு இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து கற்களைத் தடவிப் பார்த்தாள், ஏதாவது தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. அங்கே எல்லாக் கல்லும் ஒரே மட்டம்.

என்னை நிறுத்தியது தண்டபாணிதான். "இந்தம்மா டெய்லி ஓடும், கேளு."

"அன்னிக்கு அப்பாவ பாத்தீங்களாக்கா?" என்றாள்.

"கூட்டம் சேந்தப்புறம்தான் பாத்தேன்."

"அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. தலையிலயும் லேசா அடி. கால் தானா மடங்கிச்சா, மயக்கம் வந்துச்சா, தெரில. ஆனா ஒரே கேள்வியே கேட்டுனு இருக்காரு. எத்தனாவது அடியில விழுந்தேன்? எத்தனாவது அடியில விழுந்தேன்? டாக்டர் மறதி ஆரம்பிச்சிடுச்சின்றாரு. இனிமே தனியா விட முடியாது. நான் என்கூட கூட்டினு போயிடறேன். ஏப்ரல் பத்தாம் தேதி டிக்கெட்."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"மொதல்ல கத்தினாரு. இப்ப கத்தறதில்ல. அவர் காலையே அவர் நம்பறதில்லக்கா. பாத்ரூம் வரைக்கும் நடந்துட்டு அழுவறாரு. பிளாட்டு நாலாவது மாடி. அங்க எங்க நடக்கறது?"

நேரமாகிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அறுபத்து மூன்று.

மார்ச் 12, புதன்

மாசிமகம். கடற்கரை முழுவதும் சாமியும் கூட்டமும். ஓடவில்லை. வீட்டில் இவர் இல்லை. பிப்ரவரி 12 அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதல் சுற்றில் வடக்கு முனையைத் தொட்டுத் திரும்பினேன். மணி ஆறாகவில்லை, பனி, ஆனால் விளக்குகள் எரிந்தன. முதுகு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. நாற்பது அடி தொலைவிலேயே பார்த்துவிட்டேன். எண்ணுவதும் கேட்டது. இந்த ஊரில் படித்தவள், பிரெஞ்சில் நூறு வரை எனக்கும் தெரியும். பாதை பதினைந்து அடிக்குக் குறையாது. இடது பக்கமும் ஆள் இல்லை, வலது பக்கமும் ஆள் இல்லை. எந்தப் பக்கமும் போயிருக்கலாம். கடிகாரம் நல்ல நேரம் காட்டியது. இன்றைக்கு மட்டும் ஒதுங்குவதில்லை என்று நினைத்தேன். ஒரே ஒருநாள் அவர் ஒதுங்கட்டும், காலடிச் சத்தம் கேட்கும்தானே, திரும்பட்டும். முந்தைய நாள் மேசையைக் காலிசெய்து கொடுத்ததும் அப்போது மனதில் ஓடியது. அதற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சுவாசாந்த் த்ருவா என்றார். அறுபத்து மூன்று. என் தோள் அவர் முதுகில் பட்டது.

தடி கல்லில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை. நான் நிற்கவில்லை. அதன்பிறகு அந்த இடத்தை இரண்டு முறை தாண்டினேன், இரண்டு முறையும் சுவரோரமாக. ஆம்புலன்சுக்கும் ஒதுங்கித்தான் ஓடினேன். முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இத்தனையும் எழுதி என்ன.

ஆனாலும் ஒன்று. அந்த மனுஷனை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. பொதுப்பாதையில் பின்பக்கமாக நடப்பது திமிர். புருஷன் துரத்துகிறானா என்று கேட்டது அதைவிடத் திமிர். இதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

ஏப்ரல் பத்துக்கு இன்னும் மூன்று வாரம். போய்விடுவார். பிளெக்ஸும் போய்விடும். அப்புறம் எல்லாம் சரியாகிவிடும்.

40 நிமிடம்.

மார்ச் 26, புதன்

பதினோரு மணிக்குப் பிரசன்னா எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஹிப் கேஸ் ஒண்ணு. ஆறாவது வார செக்கப். வயசானவரு, நீங்களே பாத்துக்கங்க."

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தது கிளாரா. என்னைப் பார்த்ததும் "நீங்க இங்கயா வேல பாக்கறீங்க?" என்று ஆச்சரியப்பட்டாள். அவருக்கு என்னைத் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டில் என்னை யாருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் பாதியாகிவிட்டிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. முகத்தில் சவரம் இல்லை.

மேசையில் ஏற்றிப் படுக்கவைத்தோம். பாதத்தைப் பிடித்துத் திருப்பினேன். லேசான பாதம். கூரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"அம்பது தாண்டிட்டேன். அது தெரியும். அதுக்கப்புறம் எவ்ளோ?"

"அப்பா, போதும்பா" என்றாள் கிளாரா.

"என் காலு எனக்குச் சொல்லாம மடங்கிச்சிம்மா. இருவது வருஷம் பட்டாளத்துல நடந்த காலு. அது எப்படி எனக்குச் சொல்லாம மடங்கும்?"

கிளாராவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனேன். அசையாம இருங்க என்றேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் படம் வந்தது. இடுப்புக் குழிக்குள் இரும்புப் பந்து, தொடையெலும்புக்குள் நீளமான கம்பி, பளிச்சென்ற வெள்ளையில். இருபத்தோரு வருடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது என் வேலை. இந்த ஒன்று நான் செய்தது.

கதவைத் திறந்து கிளாராவை உள்ளே கூப்பிட்டேன். அவள் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். அவரிடம் மட்டும் சொல்லி, அவர் மறந்துவிட்டால் நான் தப்பித்துவிடுவேன், அது கூடாது.

"அறுபத்தி மூணு" என்றேன்.

"இன்னாது?"

"சுவாசாந்த் த்ருவா சொன்னீங்க. அதோட நின்னுச்சு. உங்க கால் மடங்கல சார். நான் இடிச்சேன். உங்க முதுகுப் பக்கமா ஓடிவந்தது நான்தான்."

கிளாரா என்னையே பார்த்தாள். "தெரியாம இடிச்சிட்டீங்களா?"

"தெரிஞ்சிதான். ஒதுங்க எடம் இருந்துச்சு. ஒதுங்கல."

அவள் கையிலிருந்த பைலை மேசைமேல் அடித்தாள். என்ன சொல்லிக் கத்தினாள் என்று முழுவதும் புரியவில்லை, பாதி பிரெஞ்சு. அன்னிக்கு மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னாயே என்பது மட்டும் புரிந்தது. பிரசன்னா ஓடிவந்தான். அவர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"நின்னியா?"

"இல்ல சார்."

"நிக்கவே இல்ல?"

"நிக்கல."

"பட்டாளத்துல எதிரியே விழுந்தாலும் நின்னு பாப்போம்டி" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார், யாரும் பிடிக்காமல். முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டியா கிளாரா? என் காலு மடங்கல. எனக்கு மயக்கமும் வரல, மண்ணும் வரல. அறுவத்தி மூணு வரைக்கும் நான் ஒழுங்காத்தான் நடந்திருக்கேன். தள்ளிவுட்டிருக்கா! இவ தள்ளிவுட்டிருக்கா! டிக்கெட்ட கேன்சல் பண்ணு." பிரசன்னாவின் பக்கம் திரும்பினார். "யாருய்யா இங்க பெரிய ஆளு? நீயா? போலீசுக்கு போன் போடு. இவள வுட்றாத."

இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சந்தோஷமாக ஒரு மனுஷன் என்னைப் போலீசில் பிடித்துக்கொடுப்பார் என்று நான் நினைத்துப்பார்த்ததே இல்லை.

மார்ச் 27, வியாழன்

மெமோ. நோயாளியிடம் தகாத பேச்சு. கொடுத்தது பிரசன்னா, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டும்போது அவன் கண்ணில் தண்ணீர். போட்டேன்.

இவரிடம் சொன்னேன். டி.வி.யை அணைத்தார். "ஏன் நிக்கல?" என்று ஒருமுறை கேட்டார். சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

ஸ்டேஷன். சப் இன்ஸ்பெக்டர் சமாதானமாகப் போய்விடுங்கள் என்றுதான் ஆரம்பித்தார். சொல்தா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். சமாதானம் வேண்டாம், தண்டனை வேண்டும் என்றார். கோர்ட்டுக்குப் போனால் வருடக் கணக்காகும், உங்கள் வயசுக்குத் தாங்குமா என்று கேட்டதும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. "என் வயசு தாங்கும். இந்த நாற்காலி தாங்குமா பாரு" என்று கைப்பிடியைத் தட்டினார்.

ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு, வழக்கு வேண்டாம், நான் சொல்வதை இவள் எழுதிக் கொடுக்கட்டும் என்று இறங்கிவந்தார். இரண்டு நிபந்தனை. ஏழு மணிக்கு முன்னால் கடற்கரைப் பாதையில் நான் ஓடக்கூடாது. நடந்ததை என் கையால் எழுதிச் சங்கத்தார் முன்னால் படிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "தெரிந்தே" என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன். ஒரு இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தினேன்.

"புருஷன் துரத்துறானான்னு நீங்க கேட்டதையும் எழுதவா சார்?"

சப் இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எழுது" என்றார். "நான் சொன்னதுதான்."

ஏப்ரல் 6, ஞாயிறு

படித்தேன். காந்தி சிலைக்கு முன்னால், அந்த பிளெக்ஸுக்குக் கீழே நின்று. ஐந்து பேர் என்றிருந்தது, வேடிக்கை பார்க்க ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். புருஷன் துரத்துறானா என்று அவர் கேட்டதைப் படித்தபோது ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் கால்மேல் கைவைத்து, கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கிளாரா தனியாகப் போய்விட்டாளாம். தண்டபாணி சொன்னதாக இவர் சொன்னார்.

மே 2, வெள்ளி

ஏழு மணிக்கு மேல் ஓடுவது அடுப்பங்கரைக்குள் ஓடுவது. வெயில் கண்ணைக் குத்துகிறது. கல் சுடுகிறது. ஏழரைக்கு வண்டிகளை விட்டுவிடுகிறார்கள், கடைசிக் கொஞ்ச தூரம் ஸ்கூட்டர்களுக்கு நடுவே. 41 நிமிடம். தண்டனை என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. சர்க்கரை 126.

மே 12, திங்கள்

ஏழு பத்து இருக்கும். வடக்கு முனையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். தூரத்தில் அவர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தனியாக, முகம் என் பக்கம் இருக்க, பாதையின் நட்டநடுவில். சங்கம் ஆறரைக்கே கலைந்துவிடும். ஏழு மணிக்கு அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

ஐம்பது அடி இருக்கும்போதே சுவரோரம் போய்விட்டேன்.

"அவ்ளோ தூரத்துலயே ஓரம் கட்றியே" என்று கத்தினார். "நான் இன்னா டவுன் பஸ்ஸா?"

நின்றேன். அவர் வாக்கரைத் தூக்கி வைத்து, ஓர் அடி, தூக்கி வைத்து, ஓர் அடி, என்று நேராக என் எதிரே வந்து சேர்ந்தார். மேலுதட்டில் வியர்வை. மூச்சு வாங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நின்னுட்டியே."

"நின்னேன் சார்."

"அன்னிக்கு நின்னிருக்கணும்."

"ஆமா."

அவர் வாக்கரை நடுப்பாதைக்குத் திருப்பிக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தார். அன், தூ, த்ருவா. சத்தமாக, என் காதில் விழவேண்டும் என்றே. நான் ஓடியிருக்கலாம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் கடல் பக்கமிருந்து கண்ணைக் குத்தியது. ஐம்பதில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதில் குரல் மெலிந்தது. அறுபத்து மூன்றில் வாக்கரை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். அத்தனை தூரத்திலிருந்தும் நான் அவர் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்துவிட்டேன், விழுந்தால் பிடிக்க. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுவாசாந்த் காத்ர்" என்றார். அறுபத்து நான்கு. அடுத்த அடியை எடுத்துவைத்தார்.

4.8 கி.மீ. ஒருமுறை நின்றேன்.